தீயணைப்பானைத் தேர்ந்தெடுத்தல், பராமரித்தல், கையாளுதல்: தொழிற்கூடங்களுக்கும் வண்டிகளுக்கும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியானாலும், சிவகாசியில் ஓர் அச்சகமானாலும், சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு வேனானாலும், சிவப்பு நிறத் தீயணைப்பான் ஒன்று எங்காவது இருக்கும். தீப்பிடிக்கும் நேரத்தில் அதை இயக்கத் தெரிந்தவர் அருகில் இருப்பாரா என்பதுதான் கவலைக்குரியது. முதலில் அதன் வரம்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ பவுடர் கொண்ட சிறிய கருவி ஏறக்குறைய பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆறு கிலோ கருவிகூட அரை நிமிடம் தாங்காது. ஆகவே ஒரு குப்பைக்கூடை அளவில் எரியும் தீக்குத்தான் அது ஈடுகொடுக்கும். தீ ஆள் உயரத்துக்கு எழுந்துவிட்டாலோ, கூரையடியில் திரண்ட புகை தலைமட்டத்துக்கு இறங்கத் தொடங்கினாலோ, கருவியை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரையும் வெளியேற்றுவதே சரி.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. ஏபிசி பவுடர் துணி, காகிதம், மரம், பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றில் பற்றும் தீக்கும், மின்சாரம் ஓடும் கருவிகளில் எழும் தீக்கும் பயன்படும் என்பதால், ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்கலாம். ஸ்விட்ச் போர்டு, கணினி அறை ஆகியவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு கருவி நல்லது. அது படிவு எதையும் விட்டுவைக்காது. ஆனால் அதன் கொம்பு போன்ற முனை கடுமையாகக் குளிர்ந்துவிடும் என்பதால் அதைக் கையால் பிடிக்கக் கூடாது. மூடிய சிற்றறையில் பீய்ச்சினால் மூச்சுவிடக் காற்று குறையும் என்பதால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மின்சாரத்தின் மீதும் கொதிக்கும் எண்ணெயின் மீதும் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேன்டீனில் வாணலி பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும்.

பஞ்சும் துணி வேஸ்ட்டும் குவிந்திருக்கும் இடங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பவுடர் மேலே தெரியும் சுவாலையை அடக்குமே தவிர, குவியலைக் குளிர்விக்காது. மூட்டையின் உட்புறத்தில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு, எல்லோரும் அணைந்தது என்று நினைத்துக் கலைந்து போன பிறகு மீண்டும் கிளம்பும். மெயின் சுவிட்சை நிறுத்தியது உறுதியான பின், மூட்டையைப் பிரித்து உள்வரை தண்ணீர் விட்டு நனைத்து, வெகுநேரம் ஒருவர் காவலிருக்க வேண்டும். ஆகவே இத்தகைய இடங்களில் பவுடரோடு தண்ணீர் ஏற்பாடும் கட்டாயம் தேவை.

கருவியை மாட்டும் இடம், வேலை செய்யும் எந்த மூலையிலிருந்தும் 15 மீட்டர் நடைக்குள் அமைய வேண்டும். தீப்பற்றக்கூடிய இயந்திரத்தின் மேலேயே மாட்டாமல், வெளியேறும் வாசலை ஒட்டி மாட்டினால், கருவியை எடுக்கப் போகிறவர் தானாகவே வாசல் பக்கம் வந்துவிடுவார். அங்கிருந்து தீயை நோக்கிச் செல்லலாமா, வெளியேறலாமா என்று முடிவெடுக்க அவருக்கு வழி இருக்கும். அந்த வாசலைப் பூட்டி வைப்பதையோ படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்குவதையோ எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. 2019 டிசம்பர் 8 அதிகாலையில் தில்லி அனாஜ் மண்டியில் பைகள் தயாரித்துவந்த கட்டடம் தீப்பிடித்தபோது, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது புகை. மின் ஸ்கூட்டரைப் படிக்கட்டின் அடியில் சார்ஜ் போடுவதும் இதே வகையான ஆபத்துதான். 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

மாதம் ஒருமுறை கருவியை இறக்கிப் பாருங்கள். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கைப்பிடியைப் பூட்டியிருக்கும் ‘பின்’ என்ற ஊசியும் அதன் சீலும் அறுபடாமல் இருக்க வேண்டும். குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கருவியில் அழுத்தமானி இருக்காது என்பதால் எடை போட்டுத்தான் அறிய முடியும். வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும். கருவியைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பகுதியைத் தட்டி, உள்ளே தூள் நகர்வதை உணர வேண்டும். ஒரு விநாடி பீய்ச்சியிருந்தாலும் வால்வில் தூள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும் என்பதால், மறுபடியும் நிரப்பாமல் மாட்டக் கூடாது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 15683 என்ற இந்தியத் தரநிலை எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தீயைக் கண்டதும் முதலில் குரல் கொடுத்து மற்றவர்களை வெளியேற்றுங்கள். ஒருவர் மெயினை நிறுத்தட்டும், இன்னொருவர் 101 அல்லது 112 எண்ணை அழைக்கட்டும். வாசல் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி, இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் நின்று, பின்னை உருவி, முனையைச் சுவாலையின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். வெட்டவெளியில் காற்று உங்கள் முதுகில் படுமாறு நில்லுங்கள். அணைந்ததும் முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நகருங்கள்.

வண்டியில் கருவி ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில், பிடிப்பானில் இறுக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். சரக்குக்கு அடியில் கிடப்பது அவசரத்தில் கிடைக்காது. ரப்பரோ பிளாஸ்டிக்கோ கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்துங்கள். பானெட்டை முழுவதுமாகத் தூக்கினால் காற்று உள்ளே பாய்ந்து சுவாலை முகத்தில் அடிக்கும். கொக்கியை மட்டும் விடுவித்து, கிடைக்கும் இடுக்கின் வழியே பீய்ச்ச வேண்டும். எரிபொருள் டாங்க் பக்கம் தீ போய்விட்டாலோ, மின்வாகனத்தின் பேட்டரி புகைந்தாலோ அருகில் போகாதீர்கள். லித்தியம் பேட்டரியின் உட்சூட்டைப் பவுடர் தணிக்காது, அணைந்தது போலிருந்து மீண்டும் எரியும். 2013 அக்டோபர் 30 அன்று பாலெம் அருகே பெங்களூரு–ஐதராபாத் பேருந்து எரிந்து 45 பேர் இறந்ததை நினைத்தால், அவசர வழியும் கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் எங்கே என்று பயணம் தொடங்கும்போதே ஓட்டுநர் சொல்வது எவ்வளவு அவசியம் என்பது புரியும். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால்தான் எளிதில் நொறுங்கும்.

தீ பிறக்கும் இடங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒயரிங்கைத்தான். போர்டுக்குள் படியும் பஞ்சுத்தூசி, தளர்ந்த இணைப்பு, ஃபியூஸ் போன இடத்தில் சுற்றிய தடித்த கம்பி, வண்டியில் ஃபியூஸ் இல்லாமல் இழுத்த கூடுதல் விளக்கு ஆகியவற்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரிசெய்யுங்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷ் துடைத்த துணி தானாகவே சூடேறி எரியக்கூடும். அதை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள்.

கருவியை ரீஃபிலுக்கு அனுப்பும் நாளை வீணாக்காதீர்கள். மாற்றுக் கருவி ஒன்றை மாட்டிய பின், பழையதில் உள்ள பவுடரை வெட்டவெளியில் தொழிலாளர்களே பீய்ச்சிப் பழகட்டும். இரவு ஷிப்டில் இருப்பவர்களையும் வேன் ஓட்டுநரையும் அன்றைக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.