பள்ளியை இடையில் விட்ட தாய்க்குத் தாய் சேய் நல அட்டையைப் படிக்கக் கற்பிப்பது எப்படி?

தேசிய குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்றின்படி (2019-21), பள்ளிக்கே செல்லாத இந்தியப் பெண்கள் சராசரியாக 2.8 பிள்ளைகளும் 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்கள் 1.8 பிள்ளைகளும் பெறுகின்றனர். படித்த தாயின் பிள்ளை வளர்ப்பும் வேறுபடுகிறது. அதற்குப் பாடநூலின் சுகாதாரப் பாடமே காரணம் என்று நினைக்கிறோம். மெக்சிகோ, வெனிசுவேலா, நேபாளம், ஜாம்பியா ஆகிய நாடுகளில் ஆய்ந்த மானுடவியலாளர்கள் ராபர்ட் லெவின், சாரா லெவின் குழுவினரோ வேறொன்றைச் சுட்டினர்: முன்பின் அறியாதவர் பேசும் அலுவலக மொழியைப் புரிந்துகொள்ளவும், குழந்தையின் நோயை அவரிடம் முறையாக எடுத்துச் சொல்லவும் வகுப்பறை பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பின்னரும் ஊட்ட முடியும் என்பது என் நம்பிக்கை.

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மீன் ஏலம் காலையிலேயே முடிந்துவிடுவதால், பிற்பகலில் ஐந்தாறு தாய்மாரை ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டுங்கள். அரிச்சுவடி வேண்டாம், தடுப்பூசி விவரம் உள்ள அவரவர் தாய் சேய் நல அட்டையே பாடநூல். அதில் 6, 10, 14 வாரம் என்றிருப்பதுதான் தாங்கள் பேச்சில் சொல்லும் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு தினசரி காலண்டரில் நாளை எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பேதியின்போது நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புத்தூள் பாக்கெட். அதன் பின்புறத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கலக்க வேண்டும். பெரிய பாக்கெட்டில் பாதியை டம்ளர் நீரில் கொட்டுவதே வழக்கமான பிழை. அது உப்பை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாகக் கொண்டு முழுப் பாக்கெட்டையும் கரைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

பேச்சுப் பயிற்சிக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் செவிலியராக நடிக்கட்டும். "உடம்பு சரியில்லை" என்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாளாக, எத்தனை முறை பேதி, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, பால் குடிக்கிறதா என்று தாய் வரிசையாகச் சொல்ல வேண்டும். "சிஸ்டர், இன்னொரு தரம் சொல்லுங்க" என்ற வாக்கியத்தைக் கூச்சம் போகும்வரை சொல்ல வையுங்கள். பட்டம் பெற்ற நானே ஒரு மருத்துவமனையில் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, மருந்துக்கடையில் விசாரித்திருக்கிறேன்.

அடுத்த குழந்தைக்கான இடைவெளி, 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி, கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி ஆகியவற்றையும் இப்படிக் கேள்வியாகவே பழக்கலாம்.

மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், அதிகம் படித்த தாய்மார் கைக்குழந்தையோடு கூடுதலாகப் பேசியதை அதே ஆய்வாளர்கள் கண்டனர். நம் வீடுகளில் அந்தப் பேச்சைப் பெரும்பாலும் ஆயாதான் (பாட்டி) காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது பேசுகிறார். ஆகவே அவரையும் வகுப்புக்கு அழையுங்கள். அட்டையை பீரோவில் பூட்டி வைத்திருப்பவரும் பல வீடுகளில் அவரே.