பெரிய வாடிக்கையாளர் திடீரென அழைத்தால்

சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற விண்பொருள் 2017-இல் கண்ணில் பட்டபோது அது சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதேபோல வெளியிலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்மீனை 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி பிடித்ததோ, அது சூரியனை நெருங்க ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கும்போதே. உடனே வானியலாளர்கள் பழைய தொலைநோக்கிப் பதிவுகளைக் கிளறினார்கள். மே மாதப் படங்களிலேயே அது சிக்கியிருந்தது.

விற்பனையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கிளறலைத்தான். புதிதாக வருகிறவர் போலத் தெரியும் வாடிக்கையாளரின் தடம் பல நேரம் உங்கள் மின்னஞ்சலிலேயே கிடக்கும். பழைய கடிதங்கள், சந்திப்புக் குறிப்புகள் எல்லாவற்றையும் (நிறுவனம் அனுமதித்த) ஏஐ கருவியில் கொடுத்து, "இவர் எதற்கெல்லாம் தயங்கினார்? நாம் எதற்குப் பதில் சொல்லாமல் விட்டோம்?" என்று கேளுங்கள்.

பிறகு அதையே அந்த வாடிக்கையாளராக நடிக்கச் சொல்லுங்கள். "சீக்கிரம் சம்மதிக்காதே, மழுப்பினால் குறுக்கிடு" என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் எதற்கெடுத்தாலும் தலையாட்டும். பதிலை வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். தட்டச்சு செய்யும்போது எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்!

விலை, தள்ளுபடி, கெடு தேதி ஆகியவற்றை மட்டும் ஏஐ சொன்னபடி எடுத்துக்கொள்ளாமல் மூல ஆவணத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.