டிசம்பருக்கும் லெந்துக்கும் முன்னால்: குருமனைக்குச் சில யோசனைகள்

சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) புதிதாகச் சேகரம் (ஒரு ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) எடுக்கும் ஆயர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஞாயிறு பழகிவிடும். விடியற்காலை ஒரு கிளைச்சபையில் நற்கருணை, ஒன்பது மணிக்குத் தலைமைச் சபை, மத்தியானம் கமிட்டி, சாயங்காலம் இன்னொரு கிராமம் என்று ஓடினாலும் வாரத்துக்கு ஒரு நாள்தானே, வீட்டிலும் தெரியும். குருமனையில், அதாவது ஆயர் வீட்டில், குடும்பத்தைப் பதம் பார்ப்பது டிசம்பரும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்தின் வாரங்களும்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தேதிகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை.

அதனால் ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஒரு பெரிய மாதக் காலண்டரை வாங்கிச் சமையலறையில் மாட்டுங்கள். ஆபீஸ் அறையில் மாட்டினால் அது சபைக் காலண்டராகிவிடும். சபைத் தேதிகளை ஒரு மையிலும், பரீட்சை, பெற்றோர் கூட்டம், மாமனார் வீட்டு விசேஷம், உங்கள் கல்யாண நாள் எல்லாவற்றையும் வேறு மையிலும் எழுதுங்கள். எங்கே முட்டுகிறது என்று உடனே தெரியும். அரையாண்டுத் தேர்வும் டிசம்பர், வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸும் டிசம்பர். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2024இல் தமிழகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பெரிய வியாழன் காலையில் ஆங்கிலம், ஈஸ்டருக்கு மறுநாள் கணக்கு. அப்பா சிலுவைப்பாடுகளைப் பிரசங்கித்துக்கொண்டிருக்க, பிள்ளை தனியாகத் திரிகோணமிதியோடு மல்லுக்கட்டிய குருமனைகள் அந்த வருஷம் எத்தனையோ. 2027இலும் ஈஸ்டர் மார்ச் 28. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டுகிற இடம் தெரிந்தபின் வேலையைப் பங்கு வையுங்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள். ஏழையும் நாமே பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டைச் சபை ஊழியரிடமும், ஒன்றைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடமும், ஒன்றைப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயரிடமும் (ஆயரைச் சபையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கொடுக்கலாம். ஆனால் முந்தின வாரம் போன் போட்டுக் கேட்காதீர்கள், ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். கேரலுக்கும் அப்படித்தான்: முதல் நாளும் கடைசி நாளும் நீங்கள் போனால் போதும், நடுவில் வாலிபர் சங்கத்தோடு கமிட்டி அங்கத்தினர் ஒருவர் போகட்டும். ஐயர் வரவில்லையே என்று ஒன்றிரண்டு வீட்டில் முகம் சுளிப்பார்கள்தான், பொங்கலுக்குள் அந்த வீடுகளுக்கு ஒரு நடை போய் ஜெபித்துவிட்டு வாருங்கள், சரியாகிவிடும்.

கல்யாணம் திடீரென்று வருவதில்லை. மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், லெந்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட்டிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே ஈஸ்டர் முடிந்ததும் மொத்தமாக வந்து குவியும். தேதி கேட்டு வருகிறவர்களிடம் வாசலிலேயே சரி சொல்லிவிடாமல், ‘காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று உள்ளே போய்ப் பாருங்கள். அடக்க ஆராதனைக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சாவு வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும், மகளின் பிறந்தநாளாக இருந்தாலும். ஆனால் கிளம்பும்போதே ‘நாளைக்குச் சாயங்காலம் கேக் வெட்டுவோம்’ என்று வேறு நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வெட்டவும் செய்யுங்கள். பிள்ளைகள் அடக்கத்துக்குப் போனதை மன்னிப்பார்கள், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதைத்தான் நம்ப மாட்டார்கள்.

திங்கட்கிழமையை வீட்டுக்கு வையுங்கள். வாரம் முழுக்க வாசல் கதவு திறந்தே கிடக்கிற வீடு அது. ஸ்கூல் சர்டிபிகேட்டில் கையெழுத்து, ஞானஸ்நான நகல், சந்தா பாக்கி என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை இரண்டு மணி நேரம் ஆபீஸ் என்று ஆலய அறிவிப்பில் நான்கு வாரம் தொடர்ந்து வாசியுங்கள். திங்களன்று வருகிறவரை விரட்ட வேண்டாம், தண்ணீர் கொடுத்து, அவசரமா என்று கேட்டு, இல்லையென்றால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். இதைச் சொல்லும் வேலையை வீட்டு அம்மாவின், அதாவது உங்கள் மனைவியின், தலையில் கட்டாதீர்கள். ஏற்கெனவே சபையார் அவரைச் சம்பளமில்லாத உதவிகுருவாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயர் பெண்ணாக இருந்தால் தலைகீழ்: அவருடைய கணவர் சபைக்கு வந்து நின்றாலே பெரிய மனசு என்பார்கள், சமையலை மட்டும் ஆயரம்மாவே செய்ய வேண்டும்!

பிரசங்கத் தயாரிப்பைச் செவ்வாயிலேயே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கான தலைப்பும் வேதபாடங்களும் சபையின் வருஷ நாட்காட்டியான அல்மனாக்கில் வருஷம் முழுவதற்கும் இருக்கின்றன. சனிக்கிழமை ராத்திரி நாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் வீடே மூச்சு விடாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அப்புறம், யாத்திராகமம் 18ஐப் பிரசங்கிக்கும்போது, வேலையைப் பகிர்ந்துகொடு என்று மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதை மட்டும் சொல்கிறோம். எத்திரோ வரும்போது மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூடவே அழைத்துவந்தார் என்பதையும் ஒருமுறை கமிட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

விடுப்பு விஷயம். அரையாண்டு விடுமுறை நம் பிள்ளைகளுக்கு விடுமுறையே இல்லை, கிறிஸ்துமஸும் டிசம்பர் 31 இரவு வாட்ச் நைட்டும் புதுவருஷ ஆராதனையும் அதைத் தின்றுவிடும். மே மாதத்தைக் கல்யாணமும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஏப்ரல் கடைசி. அந்த வாரத்துக்கு லெந்து தொடங்குமுன்பே விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், உங்களுக்குப் பதிலாக எந்த ஐயர் பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள், அவருடைய போன் நம்பரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.