1588ஐப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1588 என்றதும் பலருக்கும் ஒரே வரிதான் நினைவுக்கு வருகிறது: ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படையைப் புயல் அழித்தது, இங்கிலாந்து கடலை ஆள ஆரம்பித்தது. அந்த வரியை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

முதலில் தேதியைச் சரிபாருங்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்பெயின் 1582லேயே கிரெகொரி நாட்காட்டிக்கு மாறிவிட்டது; இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. அன்று இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். ஆர்மடாவும் ஆங்கிலக் கடற்படையும் நேருக்கு நேர் மோதிய கிரேவ்லைன்ஸ் கடற்போர் ஸ்பானியக் கணக்கில் ஆகஸ்ட் 8. ஆங்கிலக் கணக்கில் ஜூலை 29. இங்கிலாந்தின் எலிசபெத் ராணி டில்பரி படைமுகாமில் உரையாற்றியது ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்ட் 9. ஒரு தேதியை இங்கிருந்தும் மற்றதை அங்கிருந்தும் எடுத்தால், போருக்கு மறுநாளே ராணி பேசியதாக ஆகிவிடும். உண்மையில் இடையில் 11 நாள். கடற்போருக்கு முன் வீரர்களை உசுப்பிய உரை என்று எழுதுவதும் தவறு. ஆர்மடா அப்போது வடக்கே போய்விட்டது. நெதர்லாந்தில் காத்திருந்த ஸ்பானியத் தளபதி பார்மா பிரபுவின் தரைப்படை கடல் கடந்து வரக்கூடும் என்ற பயம்தான் மிச்சமிருந்தது.

சரி, புயல்? அது கடைசியில்தான் வருகிறது. கிரேவ்லைன்ஸ் போருக்கு முந்தைய இரவு, பிரான்ஸின் கலே துறைமுகம் அருகே நின்ற ஸ்பானியக் கப்பல்களை நோக்கி ஆங்கிலேயர் நள்ளிரவில் 8 தீக்கப்பல்களை, அதாவது தீ வைத்து மிதக்கவிட்ட கப்பல்களை, அனுப்பினார்கள். தப்பிக்கும் அவசரத்தில் பல கப்பல்கள் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டன. பின்னர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் காற்று அடித்தபோது, நிறுத்திப் பிடிக்க நங்கூரம் இல்லாமல் அவற்றில் பல கரையில் மோதின. பார்மாவின் படையையோ டச்சுக்காரர்களின் சிறு படகுகள் கடலுக்கு வரவிடாமல் மறித்திருந்தன. டச்சுக்காரர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது பெரிய அநியாயம்.

ஆங்கிலக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் புகழ்பெற்ற மாலுமி பிரான்சிஸ் டிரேக் அல்ல, ஹோவர்டு பிரபு. டிரேக் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அப்புறம், ஸ்பெயின் அத்தோடு ஓயவும் இல்லை. 1596லும் 1597லும் மறுபடி கப்பற்படையை அனுப்பியது. சமாதானம் 1604இல்தான். 1588இல் வென்ற ஆங்கிலத் தரப்பின் மாலுமிகள் கரை சேர்ந்த பிறகு சம்பளம் கிடைக்காமல், நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இதை அவசியம் எழுதுங்கள்.

பிரான்ஸை மறப்பது இன்னொரு தவறு. அதே 1588இல், மே 12 அன்று பாரிஸ் மக்கள் தெருக்களில் தடுப்பு எழுப்பியதும் மன்னர் மூன்றாம் ஹென்றி நகரை விட்டு ஓடினார். அந்தக் கிளர்ச்சியின் நாயகன், பிரான்ஸின் கத்தோலிக்கத் தலைவர் கீஸ் பிரபு, ஸ்பெயினிடம் பணம் பெற்றவர். டிசம்பர் 23 அன்று புளுவா அரண்மனையில் மன்னர் அவரைக் கொல்லவைத்தார். மறுநாள் அவருடைய தம்பியான கார்டினலையும். எட்டு மாதத்துக்குள் மன்னரும் ஒரு துறவியின் கத்திக்குப் பலியானார்.