பாரோ, லெண்ட்: இரவல் வாங்குவதை ஆங்கிலத்தில் சொல்லும் முறை

'பாரோ மீ யுவர் பென்' என்பது பிழை. பாரோ என்றால் இரவலாகவோ கடனாகவோ வாங்குவது, கொடுப்பதற்கு லெண்ட். 'லெண்ட் மீ யுவர் பென்' சரி; 'மே ஐ பாரோ யுவர் பென்' இன்னும் மரியாதை.

பாரோவுக்குப் பின் பொருளை வையுங்கள், அடுத்து ஃப்ரம், கடைசியில் ஆள். பக்கத்து வயல்காரரிடம் மருந்து தெளிப்பான் வாங்கியிருந்தால், 'ஐ பாரோட் எ ஸ்ப்ரேயர் ஃப்ரம் மை நெய்பர்'. தமிழில் 'அவரிடம்' என்று முடிவதால் பலர் இங்கே டு போட்டுவிடுகிறார்கள். டு, லெண்டுக்கு உரியது.

பழைய ஆங்கிலத்தில் பாரோவின் வடிவம் போர்கியன். 'போர்க்' என்றால் பிணை. பிணை கொடுத்துப் பெறுவதே முதலில் இருந்த அர்த்தம். நடவுச் செலவுக்கு நகையை ஈடு வைக்கும் தஞ்சாவூர்க்காரருக்கு இது சட்டென்று விளங்கும். காலப்போக்கில் பிணை விலகி, திருப்பித் தரும் கடமை மட்டும் சொல்லில் தங்கியது. ஜெர்மனில் இதன் உறவுச்சொல்லான போர்கென், வாங்குவது கொடுப்பது இரண்டுக்கும் வரும். ஆங்கிலம் அதைப் பொதுவாக ஏற்பதில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் குறுவைக்கு வாங்கும் பயிர்க்கடனுக்கு வட்டி இருந்தாலும் பாரோதான், ஏனெனில் பணம் திரும்பிப் போகிறது. நெல் அறுக்கும் இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்தால் ஹையர். மானியமாகக் கிடைத்த விதைக்கு பாரோ பொருந்தாது. கெட் அல்லது ரிசீவ் போதும். பம்புசெட் கொட்டகை போல இடம்பெயராததை எடுத்துப்போக முடியாது, அதற்கு யூஸ்.