கூத்துப் பாட்டைப் பிரித்துக் கேட்க

சேலம் பக்கம் மாரியம்மன் நோம்பிக்குத் தெருக்கூத்து வைத்தால், ராஜா வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தனிப்பாட்டை அலசிப் பழக அருமையான பாடம் அது. ராகம் என்னவென்று முதலிலேயே மண்டையைக் குடைய வேண்டாம்; ஆர்மோனியச் சுருதியோடு முனகிப் பார்த்து 'ச' என்ற ஆதார சுரம் எங்கே நிற்கிறது என்று பிடித்தால் போதும். அடுத்தது மிருதங்கம். விருத்தம் என்கிற செய்யுள் பாட்டுக்குத் தாளக்கட்டு கிடையாது, குரல் இஷ்டத்துக்கு இழுக்கும். தரு என்கிற தாளப் பாட்டு தொடங்கியதும் தாளம் சட்டென்று சேர்ந்துகொள்ளும். அந்த நிமிடம், நொடியைக் குறித்து வையுங்கள். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது வாயில் இருக்கும் சொல் எது? நான் கேட்டவரையில் வீரம் பேசும் சொல்தான். பின்பாட்டுக்காரர்கள் எந்த அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ஸ்பீக்கர் பக்கம் மட்டும் உட்காராதீர்கள், பதிவு பிசிறடிக்கும்.