மூச்சு தயார், எலும்பு தயாரில்லை: பயிற்சிச் சுமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஓட்டக்காரர் மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்புகிறார். முதல் வாரம் நெஞ்சு அடைக்கிறது. மூன்றாவது வாரம் பரவாயில்லை. ஐந்தாவது வாரம் பழைய வேகம் லேசாக எட்டிப் பார்க்கிறது. சரி, உடம்பு வந்துவிட்டது என்று தூரத்தையும் கூட்டி, ஸ்பிரின்ட்டையும் சேர்க்கிறார். ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி. ஒற்றை விரலை வைத்துக் காட்டக்கூடிய இடம். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ எடுத்தபின்தான் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் நுண்ணிய விரிசல்) என்று தெரிகிறது.

“திடீரென்று வந்தது” என்றுதான் அவர் சொல்வார். அது திடீரென்று வரவில்லை. அவருடைய உடம்புக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. அவற்றில் மிக வேகமாக ஓடும் கடிகாரத்தைப் பார்த்து அவர் திட்டம் போட்டார். போட்டிக்குத் தயாராகும் வீரர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதன் வெவ்வேறு உருவங்கள்தான்.

மூச்சை நம்பித் திட்டம் போடுவது

பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். ஓரிரு வாரங்களிலேயே ஓட்டம் எளிதாகத் தோன்ற இதுவே காரணம். தசை அதற்கடுத்த கடிகாரம். அது வாரக்கணக்கில் பலம் சேர்க்கிறது.

எலும்பின் கதையே வேறு. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள, எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். அந்தக் குழியில் புது எலும்பை நிரப்பிக் கெட்டிப்படுத்த ஏறக்குறைய மூன்று மாதம் தேவை. அதாவது, பயிற்சியைக் கூட்டிய முதல் சில வாரங்களில் எலும்பு பலப்படுவதற்கு முன் சில இடங்களில் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். கூரை மாற்ற ஓடுகளைப் பிரித்துப் போட்டிருக்கும் வீடு மாதிரி. மூச்சு “இன்னும் ஓடு” என்று சொல்வதும் சரியாக அதே வாரங்களில்தான்.

தசையை எலும்போடு கட்டும் நாண் இன்னும் மெதுவானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அந்தக் காலத்தைக் கடந்து வளர்ந்தவர்களின் குதிகால் நாணில் எந்த ஆண்டுகளின் கார்பன் தங்கியிருக்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி பதின்ம வயதோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, அதன்பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. பயிற்சியால் நாண் உறுதியாகாது என்று இதற்குப் பொருள் இல்லை. உறுதியாகும், ஆனால் மாதக்கணக்கில். கிழிந்தால் தசையைப் போலச் சீக்கிரம் கூடிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இடைவெளிக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடங்குவது

2011இல் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறில் அணிகளின் கதவு நான்கு மாதத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. வீரர்கள் அணியின் பயிற்சிக் கூடத்துக்குப் போக முடியவில்லை, பயிற்சியாளரோடு வேலை செய்ய முடியவில்லை. ஜூலை கடைசியில் தகராறு தீர்ந்ததும் முகாம் உடனே முழு வேகத்தில் தொடங்கியது. முதல் 12 நாட்களில் 10 வீரர்களுக்குக் குதிகால் நாணில் காயம். அந்த லீகில் ஒரு முழு ஆண்டுக்கே இவ்வளவு வருவது அதிகம். உலகின் மிகப் பலமான உடம்புகளில் சில அவை. வீட்டில் யாரும் சும்மா படுத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் தனியாக எடை தூக்குவதும் ஓடுவதும் ஒன்று. எதிராளியைப் பார்த்துச் சட்டென்று நின்று, திரும்பி, பாய்வது வேறு.

காய்ச்சல், தேர்வு, பயணம், சீசன் விடுமுறை, எதுவாக இருந்தாலும் திரும்பி வரும்போது கேட்க வேண்டியது “முன்பு எவ்வளவு செய்தேன்” என்பதல்ல. “கடந்த நான்கு வாரத்தில் எவ்வளவு செய்தேன்” என்பதுதான்.

சரி, ஒரே நாளில் கூட்டினால் என்ன, அடுத்த நாளே வலி வந்து காட்டிக்கொடுத்துவிடாதா? எப்போதும் இல்லை. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்குக் காய அபாயம் கூடியது. அந்தக் கூடுதல் அபாயம் அடுத்த மூன்று வாரத்துக்கு நீடித்தது. இந்த வார வலிக்குக் காரணத்தை நேற்றைய பயிற்சியில் மட்டும் தேடுபவர், கடனை வாங்கிய நாளை மறந்துவிட்டு வட்டிக்காரன் வந்த நாளைத் திட்டுகிறார்.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

நோட்டில் “8 கி.மீ.” என்று எழுதியிருக்கும். நன்றாகத் தூங்கிய நாளில் ஓடிய 8 கிலோமீட்டரும், தேர்வுக்கு விடிய விடியப் படித்துவிட்டு ஓடிய 8 கிலோமீட்டரும் உடம்புக்கு ஒன்றல்ல. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தமாக எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரிடம் 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண் கேட்க வேண்டும். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடம், கடினம் 4 என்றால் 240. 40 நிமிடம், கடினம் 8 என்றால் 320. குறைந்த நேரம் ஓடிய நாள்தான் அதிகச் சுமை தந்த நாள். வாட்ச் எதுவும் தேவையில்லை, பேனா போதும்.

இதைப் பயிற்சியாளரும் தனியாக எழுதி, வீரர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சங்கடமான உண்மை ஒன்று வெளியே வரும். ஃபாஸ்டரே அப்படி ஒப்பிட்டிருக்கிறார். பயிற்சியாளர் லேசானது என்று திட்டமிட்ட நாட்களை வீரர்கள் அதைவிடக் கடினமாகச் செய்தார்கள். கடினமாக இருக்க வேண்டிய நாட்களில், தேவையான அளவு கடினம் இல்லை. எல்லா நாளும் நடுத்தரத்தில் வந்து நின்றுவிட்டன. ஒரு வாரத்தின் மொத்தச் சுமை மாறாமல் இருந்தாலும், தினமும் ஒரே அளவாக இருந்தால் உடம்பு தேற இடைவெளி கிடைப்பதில்லை. லேசான நாளில் நண்பர் முந்திப் போனால் போகட்டும் என்று விட முடியாதவர்களை எனக்குத் தெரியும். (நானும் அப்படித்தான் இருந்தேன்.) அந்த நாளின் நோக்கம் நாளை மறுநாள் நடக்க இருக்கும் இன்டர்வெல் பயிற்சிக்கு (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது) கால்களின் பலத்தை மிச்சம் பிடிப்பது.

ஒரு எண்ணைத் தெய்வமாக்குவது

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதியைக் கேட்காத ஓட்டக்காரர் இருக்க மாட்டார். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு 10 சதவீத விதியை ஒட்டிய 13 வாரத் திட்டம், இன்னொன்றுக்கு வழக்கமான 8 வாரத் திட்டம். 2008இல் வந்த முடிவு: முதல் குழுவில் 20.8 சதவீதம் பேருக்குக் காயம், இரண்டாவதில் 20.3. விதியால் எந்த லாபமும் தெரியவில்லை. வாரம் 5 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 10 சதவீதம் என்பது அரைக் கிலோமீட்டர். 120 ஓடுபவருக்கு 12. இரண்டையும் ஒரே விதி எப்படிக் காப்பாற்றும்?

அப்புறம் வந்தது விகிதக் கணக்கு. கடைசி 7 நாள் சுமையை, கடைசி 28 நாள் சுமையின் வாரச் சராசரியால் வகுப்பது. 2016 வாக்கில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபெட்டின் கட்டுரையால் இது உலகம் முழுதும் பரவியது. 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் அபாயம் என்று வாட்ச்சும் ஆப்பும் பச்சை, சிவப்பு விளக்குக் காட்டத் தொடங்கின. பிறகு ஃபிராங்கோ இம்பெலிசேரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் பலர் அந்தக் கணக்கின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்கள். இந்த வாரச் சுமை வகுபடும் எண்ணாகவும் இருக்கிறது, வகுக்கும் சராசரிக்குள்ளும் இருக்கிறது. எண்ணைக் கூட்டிக் குறைத்தால் காயம் குறையும் என்று காட்டும் ஆதாரமும் இல்லை. என் கருத்தில், அந்த விகிதத்தைத் “திடீரென்று தாவுகிறோமா” என்று பார்க்கும் ஒரு ஜன்னலாக வைத்துக்கொள்ளலாம். 1.29 என்றால் பத்திரம், 1.31 என்றால் ஆபத்து என்று வீரரை உட்காரவைப்பது அபத்தம்.

கேபெட்டின் அதே கட்டுரையில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. பல மாதம் படிப்படியாகச் சேர்த்த அதிகச் சுமை காயத்திலிருந்து காப்பாற்றவும் செய்யும். ஆகவே காயத்துக்குப் பயந்து எப்போதும் குறைவாகவே பயிற்சி செய்வதும் ஒரு தவறுதான். போட்டி நாளில் சுமை குறைந்துவிடாது. அன்றைக்குத் தயாராகாத உடம்பு அன்றைக்கே மாட்டிக்கொள்ளும்.

சாப்பாட்டில் கணக்குத் தப்புவது

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நாளில் சாப்பிட்ட கலோரியில் பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உடம்பின் மற்ற வேலைகளுக்கு. கொழுப்பு நீங்கலாக 50 கிலோ உள்ள ஒருவர் 2,500 கலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 1,000 செலவழித்தால் மீதி 1,500. கிலோவுக்கு 30. பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ இந்த அளவுக்குக் கீழே போகும்போது உடம்பு சிக்கனத்தில் இறங்குவது தெரிந்தது. இது எல்லோருக்கும் பொருந்தும் கோடல்ல. ஆனால் எச்சரிக்கை மணி. சிக்கனத்தில் இறங்கிய உடம்பு இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன்களைக் குறைக்கும், எலும்பு கட்டுவதைக் குறைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்து, இது ஆண்களுக்கும் வரும் என்று சொன்னது.

“கடுமையான பயிற்சி என்றால் மாதவிடாய் நிற்பது சகஜம்” என்று பெண் வீரர்களிடம் இன்னமும் சொல்கிறார்கள். சகஜம் அல்ல. எலும்புக்கு வேண்டிய ஹார்மோன் குறைந்துவிட்டது என்று உடம்பு தரும் தகவல் அது. ஆணுக்கு இப்படி வெளிப்படையான அடையாளம் கிடையாது; காரணம் தெரியாத சோர்வும், மீண்டும் மீண்டும் வரும் எலும்பு வலியும்தான் காட்டிக்கொடுக்கும். எடை குறைந்ததும் முதலில் நேரம் நன்றாக வரும். அதுதான் வலை. மூச்சுக் கடிகாரம் சந்தோஷப்படுகிற அந்த மாதங்களில் எலும்புக் கடிகாரம் நின்றுபோயிருக்கும்.

தூக்கமும் குறுக்குவழிகளும்

தூக்கத்தைப் பற்றித் தெரியாதவர் யாருமில்லை, செய்பவர்தான் இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்ம வயது வீரர்களுக்குக் காயம்பட்டிருக்கும் வாய்ப்பு 1.7 மடங்கு. 112 பேரை மட்டும் வைத்து, அவர்கள் சொன்ன மணிக்கணக்கை நம்பிச் செய்தது என்பதால் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டாம். திசை மட்டும் சந்தேகமில்லை. காலை ஐந்து மணிப் பயிற்சிக்காக இரவு பன்னிரண்டுக்குத் தூங்கியவரை எழுப்புவது எனக்குப் பயிற்சியாகத் தெரியவில்லை.

ஐஸ் தண்ணீரில் உட்காருவது அடுத்தடுத்த நாள் போட்டி இருக்கும்போது உதவலாம். ஆனால் எடைப் பயிற்சி முடிந்த ஒவ்வொரு முறையும் அதில் இறங்கியவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்தது என்று 2015இல் வந்த 12 வார ஆய்வு காட்டியது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவது வேறு ரகம். வலிதான் மெதுவான கடிகாரம் பேசும் ஒரே மொழி, அதன் வாயை அடைத்துவிட்டு எதைக் கேட்பது? நீண்ட ஓட்டத்தில் உடம்பு நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபன் போடுவது சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

தேதி பார்த்துத் திரும்புவது

காயத்துக்குப் பிறகு அவசரப்படுவதில் நஷ்டம் எவ்வளவு என்பதற்குத் தெளிவான கணக்கு முழங்காலுக்குள் எலும்புகளை இணைக்கும் ஏசிஎல் என்ற தசைநாரின் அறுவைச் சிகிச்சையில் இருக்கிறது. 2016இல் நார்வேயையும் அமெரிக்காவின் டெலவேரையும் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டதன்படி, ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்கால் காயம் வரும் வீதம் சுமார் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் ஆகிவிட்டதே என்று அப்படியே இறங்கவும் கூடாது. காயம்பட்ட காலின் பலம் மறு காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்கிறதா என்று ஃபிசியோ பார்ப்பார். அதிலும் ஒரு பொறி: அத்தனை மாதம் ஆடாததில் மறு காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டுப் பாஸ் வாங்கலாம், ஆட்டத்தில் அது செல்லாது. முடிந்தால் காயத்துக்கு முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்காகவே சீசன் தொடக்கத்தில் எல்லோரையும் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது நல்லது.

போட்டிக்கு முன் சுமையைக் குறைக்கும்போது நேர்மாறான பயம் வரும், வேகம் போய்விடுமோ என்று. இரண்டு வாரம் தூரத்தை ஏறக்குறைய பாதியாக்கி, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தால் போகாது. சோர்வு சீக்கிரம் வடியும், சேர்த்த திறன் மெதுவாகத்தான் வடியும். கடைசி வாரத்தில் “இன்னும் ஒரு கடினமான நாள்” போட்டால், அதன் பலன் வருவதற்குள் போட்டி முடிந்திருக்கும். களைப்பு மட்டும் கூடவே வரும்.

நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஐந்தே விஷயம்: தூக்கம், களைப்பு, தசை வலி, மனநிலை, பயிற்சியின் மதிப்பெண். வீரர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் இத்தகைய பதில்கள் பயிற்சிச் சுமையின் ஏற்ற இறக்கத்தை ரத்தப் பரிசோதனையைவிடவும் இதயத் துடிப்பைவிடவும் நன்றாகக் காட்டின என்று 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. “இன்று களைப்பு” என்று எழுதியவரை அணியிலிருந்து தூக்கினால், அடுத்த நாளிலிருந்து எல்லோருடைய நோட்டிலும் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் இருக்கும்.